கணினியின் இரைச்சலும் அம்மாவின் குரலும்

 

இல்லத்தில் கணினி வாங்கி வைத்திருப்போர் அதன் விலையைச் சொல்வார்கள், வேகத்தைச் சொல்வார்கள். அது எவ்வளவு சத்தம் போடுகிறது என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில், ஓர் இரவு என் தாயார் கட்டிலிலிருந்து கீழே விழும் வரை நானும் அதைப் பற்றி எண்ணிப் பார்த்தவளல்லள்.

எங்கள் வீடு திருச்சி பாலக்கரையில் இருக்கிறது. ஒரு கூடம், ஓர் அடுக்களை, பின்புறம் குளியலறை; அவ்வளவே. கூடத்தின் ஒரு சுவரோரம் தாயாரின் கட்டில். எதிர்ச்சுவரோரம் என் மகளின் கணினி மேசை. தாயாருக்கு எண்பதைக் கடந்த வயது. பக்கவாதம் கண்டு தேறியதிலிருந்து கை கால் ஓரளவு இயங்கினாலும் குரல் மட்டும் மெலிந்தே போயிற்று. பக்கத்தில் அமர்ந்து கேட்டால்தான் சொல் விளங்கும். மகளோ 2021-இல் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு என்னிடம் வந்தவள். அச்சகங்களுக்கு டி.டி.பி. வேலை செய்து கொடுக்கிறாள். திருமண அழைப்பிதழ், பள்ளிக் குறிப்பேடு, சில வேளைகளில் முழுப் புத்தகம். மாலையில் அச்சகத்தார் கையெழுத்துப் படியைக் கொடுப்பார்கள், காலையில் கேட்பார்கள். பகலில் குழந்தை விடமாட்டான். ஆகவே இஷாத் தொழுகைக்குப் பிறகுதான் அவளுடைய வேலைநேரம் தொடங்கும்.

அந்த இரவு நான் அடுக்களைப் பக்கம் படுத்திருந்தேன். மகள் கட்டிலிலிருந்து எட்டடி தள்ளி, முதுகைக் காட்டி அமர்ந்து வேலை செய்துகொண்டிருந்தாள். தாயார் தண்ணீர் கேட்டு மூன்று முறை அழைத்தாராம். கேட்கவில்லை. தாமே எழுந்துகொள்ள முயன்று சரிந்துவிட்டார். செம்பு உருண்ட ஓசைதான் எங்களை எழுப்பியது. எலும்பு முறியவில்லை, அல்ஹம்துலில்லாஹ். முழங்கையில் மட்டும் பெரிய காயம்.

மறுநாள் இஷாவுக்குப் பிறகு மகள் கணினியைத் திறக்கவே இல்லை. "இனிமேல் இரவு வேலை வேண்டாம் அம்மா" என்றாள். அவள் வருமானத்தில் முக்காற்பங்கு இரவு வேலையில்தான் வருகிறது என்பது எனக்குத் தெரியும். கட்டிலிலிருந்து தாயார் என்னைச் சைகையால் அழைத்துக் காதோடு சொன்னார்: "நான் இன்னும் எத்தனை நாளைக்கு? பிள்ளையின் பிழைப்பைக் கெடுக்காதே. சத்தம் எனக்குப் பழகிவிட்டது." இவ்வாறு ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்ததில் ஒரு வாரம் கணினியும் ஓடவில்லை, தாயாரும் தூங்கவில்லை.

குற்றவாளி நான்தான் என்பதை உங்களிடம் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2022-இல் அந்தக் கணினியை வாங்கிக் கொடுத்தது நான். கடைக்காரர் இரண்டு கேபினெட்டுகளைக் காட்டினார். ஒன்று சாதாரணக் கறுப்புப் பெட்டி. மற்றொன்றின் முகப்பு முழுவதும் கண்ணாடி. உள்ளே சிவப்பும் நீலமுமாக விளக்குகள் சுழன்றன. "பார்க்க அழகாக இருக்கும் அம்மா" என்றார். முப்பது ஆண்டுகள் பள்ளியில் பாடம் சொன்னவள், சரவிளக்கைக் கண்ட குழந்தைபோல் அதற்குத் தலையாட்டிவிட்டேன். முதல் ஆறு மாதம் நன்றாகத்தான் இருந்தது. அதன்பின் இரைச்சல் சிறுகச் சிறுக ஏறியது. கோடையில் மாவரைக்கும் யந்திரம் தொலைவில் ஓடுவது போன்ற சத்தம். சிறுகச் சிறுக ஏறிய காரணத்தால் நாங்கள் அதனை உணரவே இல்லை.

எனக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு தோழி உண்டு. என்னோடு ஒரே பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவர். அவருடைய கணவர் திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளர். 1965-இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையின் பெயரே உயரழுத்தக் கொதிகலன் தொழிற்சாலை; அனல்மின் நிலையங்களுக்கான பெரும் பாய்லர்கள் அங்குதான் உருவாகின்றன. அவர் பாய்லர்களை நிறுவும் இடங்களில் நெடுங்காலம் இருந்தவர். கணினியைப் பழுதுபார்ப்பது அவருக்கு ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு.

கணினியை ஓர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நானும் மகளும் காவிரிப் பாலத்தைக் கடந்தோம். மே மாத வெயிலில் ஆற்றில் மணலே பெரும்பாலும் தெரிந்தது. ஸ்ரீரங்கத்துக்குக் கணினியோடு போவதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. கணினியைப் பற்றி எளிய தமிழில் எழுதிப் பாமரருக்கும் பழக்கிய எழுத்தாளர் சுஜாதா அவ்வூரில் வளர்ந்தவர். அவரும் நம் அப்துல் கலாம் அவர்களும் திருச்சி புனித வளனார் கல்லூரியில் பயின்றவர்கள். என் மகளுக்கு இதை வழியில் சொன்னேன். அவள் ஆட்டோ குலுங்காமல் போகிறதா என்பதில்தான் கவனமாக இருந்தாள்.

தோழியின் வீடு சித்திரை வீதியிலுள்ள பழைய வீடு. திண்ணை, ரேழி, முற்றத்தோடு கூடிய கூடம், அதன்பின் அடுக்களை, கடைசியில் கொல்லை. அகலம் குறைவு, நீளம் மிகுதி. அவர் பெட்டியைக் கூடத்தில் வைத்துப் பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே கண்டதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. பிராசஸரின் மேலிருந்த ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் தூசி பஞ்சு மெத்தைபோல் படிந்திருந்தது. அதனை மதர்போர்டோடு பிணைக்கும் நான்கு பிளாஸ்டிக் ஆணிகளுள் ஒன்று பிடிப்பு விட்டுத் துருத்திக்கொண்டிருந்தது. எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து புறப்பட்ட வயர்க் கற்றை, பயன்பட்டதும் பயன்படாததும் ஒன்றாகச் சுருண்டு, முன்புறம் காற்று வரவேண்டிய இடத்தில் அடைந்து கிடந்தது. அழகான கண்ணாடி முகப்பிலோ காற்று நுழைய ஒரு விரற்கடை இடைவெளிதான்.

"டீச்சர், இங்கே நின்று வாசலைப் பாருங்கள், திரும்பிக் கொல்லையைப் பாருங்கள்" என்றார் அவர். பார்த்தேன். தெரு வாசலும் கொல்லை வாசலும் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தன. இடையில் அலமாரி இல்லை. பெட்டி படுக்கை இல்லை. அந்த வழியில் காற்று மெல்ல நடந்துகொண்டிருந்தது. மேலே முற்றத்தின் வாய் வழியாகச் சூடு வெளியேறியது. "இந்த வீட்டைக் கட்டியவர்கள் விசிறியை நம்பவில்லை. காற்றின் வழியை நம்பினார்கள். கேபினெட்டும் ஒரு வீடுதான். முன்னால் கீழே குளிர்ந்த காற்று வரவேண்டும். பின்னால் மேலே சூடான காற்று போகவேண்டும். நீங்கள் வாசலைக் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டு, கூடத்தில் மூட்டையை அடுக்கிவிட்டு, ஒரு சின்ன விசிறியிடம் எல்லாவற்றையும் செய் என்றால் அது கத்தத்தான் செய்யும்."

வாசக நேயர்களே! இதில் ஒரு சிறு கணக்கு இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கணினியின் பிராசஸர் 65 வாட் வகையைச் சேர்ந்தது. முன்னாளில் நாம் மாட்டிய 60 வாட் குண்டு பல்பு எவ்வளவு சூடாகும் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். ஏறத்தாழ அதே வெப்பம், கட்டைவிரல் நகத்தினும் சற்றே பெரிய ஒரு சில்லிலிருந்து புறப்படுகிறது. அந்த வெப்பத்தை ஹீட் சிங்க் வாங்கிக் காற்றிடம் கொடுக்கவேண்டும். காற்றின் அளவு மாறாதிருந்தால், சில்லு அறையைவிட இத்தனை டிகிரி அதிகம் சூடாக இருக்கும் என்னும் வித்தியாசமும் பெரும்பாலும் மாறாது. 20 டிகிரி அறையில் 70 டிகிரி காட்டும் சில்லு, 38 டிகிரியுள்ள நம் திருச்சிக் கூடத்தில் 88 காட்டும். குளிர்நாட்டார் எழுதிவைத்த அளவுகளைப் படித்துவிட்டு ஏமாறக்கூடாது; நம் வெயிலையும் அதில் கூட்டிக்கொள்ளவேண்டும். இன்றைய பிராசஸர்கள் 100 டிகிரியை நெருங்கும்போது தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். மகள் "கணினி மந்தமாகிவிட்டது" என்று கோடை முழுவதும் முறையிட்டதற்குக் காரணம் இதுவே. இன்னொரு கணினி வாங்கவேண்டுமோ என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்!

இனி ஓசைக்கு வருகிறேன். எனக்கு வியப்பளித்தது இந்தப் பகுதிதான். ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அது தள்ளும் காற்று பாதியாகும். ஆனால் ஓசை பாதியாவதோடு நிற்காது. ஏறத்தாழ 15 டெசிபெல் வீழ்ந்துவிடும். 10 டெசிபெல் குறைந்தாலே நம் காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் தோன்றும். அப்படியானால், வேகமாகச் சுழலும் ஒரு விசிறிக்குப் பதிலாகப் பாதி வேகத்தில் இரண்டு விசிறிகளை ஓடவிட்டால்? காற்று பழைய அளவே கிடைக்கும். விசிறி இரண்டானதற்காக 3 டெசிபெல் கூடும். கழித்துப் பார்த்தால் 12 டெசிபெல் இலாபம். விசிறி பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது. 80 மில்லிமீட்டர் விசிறியைவிட 140 மில்லிமீட்டர் விசிறி மூன்று மடங்கு பரப்பைக் கொண்டது. மெல்லச் சுற்றியே அதிகக் காற்றைத் தள்ளும். விசிறியைக் கூட்டினால் சத்தம் கூடும் என்றுதான் நான் அதுவரை எண்ணியிருந்தேன்.

என் தாயாரின் குரல் ஏன் கேட்காமற்போயிற்று என்பதற்கும் அவர் விடை சொன்னார். ஏழு இதழ்கள் கொண்ட விசிறி நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், இதழ்கள் நொடிக்கு 350 முறை காற்றை வெட்டும். அந்த ரீங்காரம் மனிதக் குரல் ஒலிக்கும் வரிசையிலேயே அமைகிறது. பலத்த குரல் அதனைத் தாண்டி வந்துவிடும். மெலிந்த குரலை அது விழுங்கிவிடும். அதே விசிறி 700 சுற்றுச் சுற்றினால் நொடிக்கு 82 வெட்டுகள்தான். அது அடித்தொண்டை முனகல். அதைக் காது அவ்வளவாகப் பொருட்படுத்தாது. இதைக் கேட்டபோது என் மகள் தலைகுனிந்து கொண்டாள். நன்னிமா அழைத்தும் தான் கவனியாதிருந்துவிட்டதாக அவள் அதுவரை தன்னையே நொந்துகொண்டிருந்தாள் போலும். "உன்மேல் தவறில்லை அம்மா, அது பௌதிகம்" என்று அவர் மெல்லச் சொன்னார்.

மதர்போர்டு, பிராசஸர், எஸ்.எஸ்.டி. மூன்றையும் வைத்துக்கொண்டோம். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் உறுப்பு எதுவும் இல்லை ஆதலால் அதற்கு ஓசையும் இல்லை. மாற்றியவை: முகப்பு முழுவதும் கம்பிவலையாக உள்ள ஒரு கேபினெட், உயரமான ஹீட் சிங்க், 80 பிளஸ் முத்திரை பெற்ற எஸ்.எம்.பி.எஸ்.; முன்பக்கத்துக்கு இரண்டு 140 மில்லிமீட்டர் விசிறிகள். பின்பக்கத்துக்குரிய 120 மில்லிமீட்டர் விசிறி கேபினெட்டோடு வந்தது. எல்லாம் சேர்த்து ஏறத்தாழப் பதினோராயிரம் ரூபாய். கையிலிருந்த சீட்டுப் பணம் அதற்குப் போயிற்று. நீரைக் குழாயில் ஓட்டிக் குளிர்விக்கும் கருவியையும் கடையில் காட்டினார்கள். அவர் வேண்டாம் என்றார். அதில் பம்பின் சத்தம் தனியாகச் சேரும். பழுதானால் இங்கே சட்டென்று சரிசெய்யவும் முடியாது. 65 வாட்டுக்கு அது தேவையும் இல்லை. வண்ண விளக்குகளைப் பற்றி இம்முறை நான் வாய் திறக்கவில்லை.

எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பற்றி ஒரு சொல். பலரும் அதில்தான் மிச்சம் பிடிக்கிறார்கள். மலிவான எஸ்.எம்.பி.எஸ். வாங்கும் மின்சாரத்தில் கணிசமான பங்கைச் சூடாகவே வீணாக்கும். அந்தச் சூட்டை வெளியேற்ற அதனுடைய விசிறியும் கத்தும். 80 பிளஸ் முத்திரை என்பது குறிப்பிட்ட சுமைகளில் நூற்றுக்கு எண்பது பங்காவது உரிய வேலைக்குச் செல்லும் என்பதற்கான சான்று. மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் இருக்கின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரும் தோழியும் சத்திரம் பேருந்து நிலையம் வரை ஒன்றாம் எண் பேருந்தில் வந்து, அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். தரையில் துணி விரித்து வேலையைத் தொடங்கினோம். அவர் செய்யவில்லை, நாற்காலியில் அமர்ந்துகொண்டு என் மகளைச் செய்யவைத்தார். "நாளைக்கு நான் இல்லாதபோது நீதானே திறக்கவேண்டும்?" என்பது அவர் வாதம்.

ஹீட் சிங்க்கைக் கையில் எடுத்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதன் அடியிலிருந்து மேலே வளைந்து செல்லும் தாமிரக் குழாய்களைக் காட்டினார். அவற்றுள் காற்றை நீக்கிச் சிறிதளவு நீரை வைத்து அடைத்திருப்பார்களாம். அழுத்தம் குறைவாதலால் நீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். மேலே சென்று தகடுகளுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து, குழாயின் உட்சுவர் வழியே மீண்டும் கீழே வரும். பம்பு கிடையாது, ஓசை கிடையாது. 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் என்பவர் இதனைச் செய்து காட்டினார். "என் வேலைக்காலம் முழுவதும் நான் பார்த்த பாய்லரும் கண்டென்சரும் இந்தச் சுண்டுவிரல் குழாய்க்குள் இருக்கின்றன டீச்சர்" என்றார் அவர். தோழி, "ஓய்வு பெற்றும் பாய்லர் இவரை விடவில்லை" என்று சிரித்தார்.

சில்லுக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்ட் பட்டாணி அளவு போதும். இரண்டு உலோகப் பரப்புகளும் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினாலும் நுண்ணிய பள்ளங்கள் இருக்கும். அவற்றில் காற்று தங்கும். தாமிரத்தோடு ஒப்பிட்டால் காற்று வெப்பத்தைக் கடத்துவதில் ஏறத்தாழப் பதினைந்தாயிரத்தில் ஒரு பங்குதான். அந்தப் பள்ளத்தை நிரப்புவதே பேஸ்டின் வேலை. நெய் தடவுவதுபோல் அள்ளிப் பூசினால் பலன் குறையுமே தவிரக் கூடாது.

வயர்களை வழிப்படுத்தும் வேலைதான் நேரத்தை விழுங்கியது. புதிய கேபினெட்டில் மதர்போர்டைத் தாங்கும் தகட்டின் பின்னால் இரண்டு விரற்கடை இடைவெளி இருக்கிறது. வயர்களை அந்தப் பின்புறமாக ஓட்டி, சேரவேண்டிய இடத்தில் மட்டும் துளைவழியாக முன்னே கொண்டுவரவேண்டும். பிராசஸருக்கு மின்சாரம் தரும் எட்டு முனை வயர் மதர்போர்டின் மேல்மூலைக்குச் செல்வது. போர்டைத் திருகிவிட்ட பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. அந்த உயரமான ஹீட் சிங்க் இருக்க, கை நுழையவில்லை. எல்லாவற்றையும் கழற்றி, வயரை முதலில் நுழைத்து, மறுபடியும் திருகினோம். பெருமூச்சு விட்டு நிமிர்ந்தபோது என் பேரன் ஒரு பளபளப்பான தகட்டைக் கையில் வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். பின்புறத் துளைகளைச் சுற்றிப் பொருத்தவேண்டிய தகடு அது; போர்டுக்கும் முந்திப் பொருத்தியிருக்கவேண்டும். மீண்டும் கழற்றினோம். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லுஹர் பாங்கு ஒலித்தது. வேலையை நிறுத்தித் தொழுதுவிட்டுச் சோறு சமைத்தேன். அவர்களுக்கென்று தனிப் பாத்திரத்தில் தயிர்சாதமும் எலுமிச்சைச் சாதமும் செய்திருந்தேன்.

வயர்களை எதனால் கட்டுவது என்பதில் ஒரு சிறு விவாதம் நடந்தது. மகள் நைலான் டை கட்டலாம் என்றாள். 1958-இல் அமெரிக்காவில் வெளிவந்த பொருள் அது; விமானத்து வயர்களைக் கட்டுவதற்காக உண்டாக்கப்பட்டது. அதற்கு முன்பு விமானத்திலும் தொலைபேசி நிலையங்களிலும் மெழுகு பூசிய நூலால் முடிச்சு முடிச்சாகக் கட்டிச் செல்வார்களாம். அவர் அந்த முடிச்சை ஒரு கயிற்றில் போட்டுக் காட்டினார். கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த என் தாயார் கையை அசைத்து எங்களை நிறுத்தினார். அது பூக்கட்டும் முடிச்சைப் போலத்தான் இருந்தது! ஒரு காலத்தில் இந்த வீட்டில் மல்லிகையை வாழைநாரில் முழம் முழமாகத் தொடுத்தவர் அவர். நூலை வாங்கி, நடுங்கும் விரல்களால் ஒரே ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினார். நழுவவில்லை. அந்தக் கற்றையை மட்டும் நூலாலேயே கட்டினோம். மற்றவற்றுக்கு வெல்க்ரோ பட்டை. நைலான் டையை எடுக்கவேண்டுமானால் வெட்டவேண்டும். வெட்டும்போது வயரும் காயப்படலாம். வெட்டிய நுனி கையையும் கீறும்.

இவ்வளவு பாடுபட்டு வயரை ஒழுங்குபடுத்தியதால் கணினி எத்தனை டிகிரி குளிர்ந்துவிடும் என்று மகள் ஆவலோடு கேட்டாள். "ஒன்று, இரண்டு, அதற்கு மேல் எதிர்பார்க்காதே" என்றார். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. முகப்பைத் திறந்ததும் விசிறியை மாற்றியதுமே பெரும்பலனைத் தரும். வயர் ஒழுங்கு வேறு பலனைத் தரும்: தளர்ந்த வயர் விசிறி இதழில் உரசாது, தூசி தங்க மூலை குறையும், சுத்தம் செய்யக் கை நுழையும். ஒழுங்கு ஒன்றே குறியென்றும் அவர் கருதவில்லை. 1976-இல் வெளிவந்த கிரே-1 என்னும் புகழ்பெற்ற பெருங்கணினியின் உட்புறம் வயர்க் காடாகவே இருக்குமாம். எந்த வயரும் நான்கடிக்கு மேல் நீளக்கூடாது என்பதே அங்கே விதி. மின்குறி ஓரடி செல்லவும் நேரம் பிடிக்கிறதல்லவா?

மாலையில் கணினியை ஓடவிட்டு ஒரு சோதனை செய்தார். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, கேபினெட்டின் இடுக்குகளின் அருகே பிடித்தார். முன்விசிறிகளை நிறுத்திப் பின்விசிறியை மட்டும் ஓடவிட்டபோது, புகை எல்லா இடுக்குகள் வழியாகவும் உள்ளே இழுபட்டது. "தூசியும் இப்படித்தான் போகும்." முன்விசிறிகளைத் திறந்ததும் அதே இடுக்குகளில் புகை வெளியே தள்ளப்பட்டது. உள்ளே தள்ளும் காற்று வெளியே இழுக்கும் காற்றைவிடச் சற்று மிகுதியாக இருக்கவேண்டும். அப்போது வரும் காற்று முன்புற வடிகட்டி வழியாக மட்டுமே வரும். பாய்லரில் இதற்கு நேர்மாறாம். அங்கும் காற்றைத் தள்ளும் விசிறி ஒன்று, இழுக்கும் விசிறி ஒன்று உண்டு. ஆனால் நெருப்பும் சாம்பலும் வெளியே சீறாதிருக்க உலையின் அழுத்தத்தை வெளிக்காற்றைவிட ஒரு துளி குறைவாக வைப்பார்கள். "வாழ்நாள் முழுவதும் உள்ளிருப்பது வெளியே வரக்கூடாதென்று பார்த்தேன். இப்போது வெளியிலிருப்பது உள்ளே போகக்கூடாதென்று பார்க்கிறேன்" என்றார்.

புறப்படும் முன் கேபினெட்டைப் புறங்கையால் தொட்டவர் முகம் சுளித்தார். இலேசான ஷாக். எங்களுக்கு அது பல நாள் பழக்கம், பெரிதாக எண்ணியதில்லை. சுவர்ப் பிளக்கின் மூன்றாம் துளையில் எர்த் வயரே இணைக்கப்படவில்லை என்று கண்டுபிடித்தார். எஸ்.எம்.பி.எஸ்.ஸினுள் உள்ள மின்வடிகட்டி சிறிதளவு மின்சாரத்தை எர்த் வழியாகத்தான் கழிக்கும். வழி இல்லாவிட்டால் அது தகட்டிலேயே தங்கும். மறுநாளே எலெக்ட்ரீஷியனை அழைத்துச் சரிசெய்துவிட்டேன். உங்கள் இல்லத்திலும் கணினியைத் தொட்டால் சுரீரென்கிறதா? விசிறியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்; இதை முதலில் கவனியுங்கள்.

பெட்டியை வைக்கும் இடத்தையும் மாற்றினோம். முன்பு அது தரையில் விரித்த ஜமுக்காளத்தின்மேல் இருந்தது. இப்போது எஸ்.எம்.பி.எஸ். அடிப்புறமாகக் காற்றை இழுப்பதால், இரண்டு செங்கல் உயரத்தில் ஒரு பலகை போட்டு அதன்மேல் வைத்திருக்கிறோம். பின்சுவருக்கும் பெட்டிக்கும் ஒரு சாண் இடைவெளி. கணினி மேசைகளில் சி.பி.யு.வுக்கென்று மூன்று பக்கமும் மூடிய அறை ஒன்று செய்து விற்கிறார்களே, அது வெயிற்காலத்தில் அடுப்புக்குச் சமம். ஆடிக் காற்றில் திருச்சி முழுவதும் மணல் பறக்கும்போது வாரம் ஒருமுறை முகப்பு வடிகட்டியைக் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்திப் போடுகிறாள் மகள்.

முதல் நாள் மதியம் கூடத்தில் வெப்பமானி 37 டிகிரி காட்டியது. ஒரு முழுப் புத்தகத்தைப் படங்களோடு பி.டி.எப். ஆக மாற்றும் வேலையைக் கொடுத்தோம். முன்பு 98 டிகிரி வரை ஏறிய பிராசஸர் 69-இல் நின்றது. விசிறிகள் 800 சுற்றைத் தாண்டவில்லை. மேசை அருகே காதை வைத்தால் மட்டும் மெல்லிய மூச்சுப் போன்ற ஓசை.

ஆயினும் எங்களுக்கு வேண்டிய சோதனை அதுவன்று. அன்றிரவு இஷாவுக்குப் பிறகு மகள் வேலைக்கு அமர்ந்தாள். நான் அடுக்களைப் பக்கம் விழித்தே கிடந்தேன். பதினொரு மணி கடந்திருக்கும். கட்டிலிலிருந்து, "அம்மாடி" என்று ஒரு மெல்லிய அழைப்பு. எனக்கே கேட்டது. மகள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"என்ன நன்னிமா, தண்ணியா?"

"ஒண்ணும் வேணாம். நீ முழிச்சிருக்கியா, தூங்கிட்டியான்னு தெரியலை. ஒரு சத்தத்தையும் காணோமே!"

மகள் சிரித்துவிட்டாள். அன்று தொடங்கி, ஒவ்வொரு பக்கத்தை முடிக்கும்போதும் மேசையில் விரலால் ஒருமுறை தட்டுகிறாள். தாயார் விழித்திருந்தால் கட்டிலிலிருந்து "ம்" என்று பதில் வரும். பெரும்பாலும் வருவதில்லை, தூங்கிவிடுகிறார்.